பத்து என்றால் எவ்வளவு

வள்ளூர்
3.4.2025

டாக்டரம்மா ஷெர்லின் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. போனில் பேசலாம் என்றால் என் மகன் டில்லிபாபு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பதிலும் சொல்லிவிடுகிறான். கடிதத்தில் அவன் நடுவில் புக முடியாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் என் கையெழுத்து இந்த வீட்டில் காலேஜ் படிக்கும் பேரப்பிள்ளையின் கையெழுத்தைவிட நன்றாக இருக்கும். படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது.

போன சனிக்கிழமை உங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் என்னை வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னீர்கள். நின்றேன். கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். ஃபைலில் எழுதினீர்கள். எழுதியதை டில்லிபாபுவிடம் படித்தும் காட்டினீர்கள்: "வீட்டில் பயிற்சி செய்வதில்லை." அப்போது நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

ரயிலில் அத்திப்பட்டு வரும்வரை அவன் விடவில்லை. "இன்னாமா நீ, ஒவ்வொரு தபாவும் லீவு போட்டு இட்டுகினு போறேன். நீ வூட்ல சும்மா குந்திகினு கீற. அந்தப் பொண்ணு மூஞ்சப் பாக்கவே பேஜாரா கீது எனக்கு." பெட்டியில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

நான் செய்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று பயிற்சியும், ஒவ்வொன்றும் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து எண்ணும்வரை நிறுத்தி. காலையும் சாயங்காலமும். ஒரு நாள் விட்டதில்லை.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடியில் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜனவரியில் கீழே குழாயடியில் வழுக்கி விழுந்து வலது இடுப்பு உடைந்ததிலிருந்து நான் மகன் வீட்டில் இருக்கிறேன். ஐம்பத்து நாலு படி. நான் ஏறலாம் என்று நீங்கள் சொன்னால்தான் சாவியைக் கொடுப்பேன் என்கிறான். நீங்கள் ஃபைலில் அந்த வரியை எழுதிவிட்டீர்கள். இனி நான் வரமாட்டேன்.

வரலட்சுமி

•

பழைய வண்ணாரப்பேட்டை
8.4.2025

அன்புள்ள வரலட்சுமி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மகன் முன்னால் படித்திருக்கக் கூடாது. அதற்கு வருந்துகிறேன்.

ஆனால் கண்ணாடியில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். வலது காலில் நிற்கும்போது உங்கள் இடுப்பின் இடது பக்கம் கீழே இறங்குகிறது. இடுப்பின் வெளிப்பக்கத்தில் உள்ள தசை உடம்பைத் தாங்காததால் அப்படி ஆகிறது. படி ஏற இடது காலை மேலே வைக்கும் அந்த ஒரு கணம், முழு உடம்பும் வலது காலில்தான் நிற்கும். அந்தத் தசை விட்டுவிட்டால் நீங்கள் விழுவீர்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தால் அது பலப்பட வேண்டும். உங்களுக்கு முதல் வாரம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இதை வைத்துத்தான் அந்த வரியை எழுதினேன்.

எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுத முடியுமா? எந்த இடத்தில், எதைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரம்.

ஷெர்லின்

•

வள்ளூர்
13.4.2025

டாக்டரம்மாவுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன்.

இடம், சமையலறை. சிங்க் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். முதலில் வலது காலைப் பக்கவாட்டில் தூக்கி, பத்து எண்ணி, இறக்குவேன். இப்படிப் பத்து. அடுத்து அதே காலைப் பின்பக்கம் தூக்கி, பத்து எண்ணி, இறக்குவேன். முட்டியை மடக்குவதில்லை. மூன்றாவது, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, உட்காராமலும் நிற்காமலும் அப்படியே பத்து எண்ணுவது. அதுவும் பத்து.

எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்ததில்லை. காலையில் மருமகள் அரை லிட்டர் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். பால் பொங்குவதற்குள் மூன்றையும் முடித்து, அடுப்பையும் அணைத்துவிடுவேன். பால் ஒருநாள் கூட வழிந்ததில்லை.

நாளை பதினாலாம் தேதி. புளியந்தோப்பில் எங்கள் தெருவில் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம். முப்பது வருஷமாகப் பறைக்கு முன்னால் ஆடிப் போனவள் நான். எதிர் பிளாக் செங்குட்டுவன் போனில், "யக்கா, நீ இல்லாம முன்வரிசை காலியா கீது, சீக்கிரம் வா" என்றான். மகன் குறுக்கே வந்து, "அது இனிமே ஆடாது மாமு" என்று சொல்லிவிட்டான்.

அது என்றான்.

வரலட்சுமி

•

பழைய வண்ணாரப்பேட்டை
17.4.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

செய்முறை சரி. காலைப் பின்பக்கம் தூக்கும்போது முட்டியை மடக்கக் கூடாது என்பதை நீங்கள் நினைவில் வைத்திருப்பது மகிழ்ச்சி.

நேரம்தான் ஒத்துவரவில்லை. மூன்று பயிற்சி, பத்துத் தடவை, பத்து எண்ணிக்கை. மொத்தம் முந்நூறு. நடுவில் இளைப்பாறாமல் செய்தாலே ஐந்து நிமிடம் ஆகும். காலை இறக்கி மூச்சு வாங்கிச் செய்தால் பத்து நிமிடத்துக்குக் குறையாது. நேற்று எங்கள் வீட்டில் அரை லிட்டர் பாலை வைத்துப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் பொங்கிவிட்டது.

நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. சில தடவைகள் எண்ணிக்கையில் விட்டுப் போயிருக்கலாம். வயதானவர்களுக்கு அது சகஜம்.

ஷெர்லின்

•

(அஞ்சலட்டை)
வள்ளூர், 22.4.2025

டாக்டரம்மாவுக்கு,

லுங்கி கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் பீஸ் எண்ணிக் கட்டு போட்டவள் நான். ஒரு நாளைக்கு நாலாயிரம் பீஸ். வரலட்சுமி எண்ணிய கட்டு என்றால் முதலாளியே பிரித்துப் பார்க்க மாட்டார். நான் கால் நொண்டியாக இருக்கலாம். எண்ணிக்கையில் விட்டுவிட்டேன் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

பால் காய்ச்சிப் பார்த்தீர்களாமே. நல்லது. டீ போட்டுக் குடியுங்கள்.

வ.

•

பழைய வண்ணாரப்பேட்டை
27.4.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் அஞ்சலட்டை வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் எழுத வேண்டாம் என்றுகூட நினைத்தேன். இன்று மதியம்வரை அப்படித்தான் இருந்தேன்.

என் அப்பா தவசிமுத்து இங்கே ரெடிமேட் சட்டை மொத்த வியாபாரம் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாப்பாட்டை நான்தான் கடைக்கு எடுத்துப் போனேன். ஒரு கட்டு வந்து இறங்கியிருந்தது. சட்டைகளின் ஓரத்தை விரலால் தட்டிக்கொண்டே எண்ணினார். உதடு அசைவதுகூடத் தெரியவில்லை. நூறு சட்டை. நான் டிபன் கேரியரைப் பிரிப்பதற்குள் முடித்துவிட்டார்.

"சரியா எண்ணினீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"சந்தேகம்னா நீயே எண்ணிப் பாரு பிள்ள."

நான் எண்ணினேன். நூறு இருந்தது. எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அவருக்கு இருபது விநாடி.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அஞ்சலட்டையை மறுபடி நினைத்துப் பார்த்தேன். நீங்கள் பத்துதான் எண்ணுகிறீர்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. உங்கள் பத்து இரண்டு விநாடி. நான் நினைத்த பத்து, பத்து விநாடி. காலைத் தூக்கியதும் தசை வேலையை ஆரம்பிப்பதற்குள் நீங்கள் இறக்கிவிடுகிறீர்கள். இரண்டு மாதமாக ஒரு நாளும் விடாமல் செய்தும் பலன் இல்லாமல் போனது இதனால்தான். தவறு உங்களுடையது இல்லை. பத்து என்று சொன்னேனே தவிர, பத்து என்றால் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை.

நோயாளி தேறவில்லை என்றால் அவர் செய்யவில்லை என்று எழுதுவது எங்களுக்குச் சுலபம். நான் சுலபமானதை எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நான் எட்டு வருடம் பரதம் கற்றவள். எங்கள் டீச்சர் எண்ணவே மாட்டார். தட்டுக்கழியால் மனைக்கட்டையைத் தட்டுவார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் முட்டியை வெளியே மடக்கி அரைமண்டியில் நிற்க வேண்டும். தொடை எரியும். தசை வளர்வது அந்த எரிச்சலில்தான். எத்தனை தட்டு விழுந்தது என்பது தசைக்குத் தெரியாது. இதைத் தெரிந்துவைத்திருந்தும் உங்களுக்கு வெறும் எண்ணைச் சொல்லி அனுப்பினேன்.

இனி எண்ண வேண்டாம். காலைத் தூக்கி, மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விடுங்கள். இரண்டு மூச்சு போதும். அதன்பிறகு காலை இறக்குங்கள். முதலில் ஐந்து தடவை செய்தால் போதும். எரியும். பயப்பட வேண்டாம். ஆனால் தொடை இடுக்கில் குத்துகிற வலி வந்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

ஷெர்லின்

•

வள்ளூர்
6.5.2025

ஷெர்லினுக்கு,

கையெழுத்து போட்டு அடித்ததாக எழுதியிருந்தாய். என் மகன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தான். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பத்து வச்சிகினு சண்ட போட்டீங்களா?" என்று சிரித்தான். ரயிலில் திட்டியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்கு மட்டும் வறுத்த மீன் வாங்கி வந்தான். அவன் அப்படித்தான்.

இனி நீ என்றே எழுதுகிறேன். உன் அப்பா வயது எனக்கு.

நீ சொன்னபடி முதல் நாள் ஐந்து தடவை முடிப்பதற்குள் கால் வெடவெடவென்று ஆடியது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மருமகள் ஈரத் தலையோடு ஓடிவந்தாள். "அத்த, இன்னா ஆச்சு, உனுக்கு மயக்கமா?" மயக்கம் இல்லை, வேலை என்றேன்.

மூச்சு எனக்குச் சரிப்படவில்லை. மூச்சைக் கவனித்தால் அது ஓட ஆரம்பிக்கிறது. வாய் தானாக ஒன்று ரெண்டு என்று பிடித்துக்கொள்கிறது. பிடித்தால் பழைய வேகம்தான். விரல்கூட மேடையைத் தட்டுகிறது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம், நீ ஒரு கடிதத்தில் மாற்ற முடியாது.

அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன். எண்ணுக்குப் பதிலாக எங்கள் பிளாக்கில் உள்ள வீடுகளைச் சொல்கிறேன். ஒரு தடவை காலைத் தூக்கினால் ஒரு வீடு. பரசுராமன் வீடு என்றால் அவன் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, திறந்தவள் தன் பெண்டாட்டி இல்லை என்று சண்டை போட்டது ஞாபகம் வரும். அது முடியாமல் அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. சங்கமித்ரா வீடு என்றால் அவள் என் இட்லிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதைத் திட்டித் தீர்க்க வேண்டும். பேரப்பிள்ளையிடம் போனில் அளக்கச் சொன்னேன். சராசரி பதினோரு விநாடி. சங்கமித்ராவுக்குப் பதினாலு.

இது கணக்கில் வருமா?

வரலட்சுமி

•

பழைய வண்ணாரப்பேட்டை
11.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வரும். சங்கமித்ரா அவர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தடவை நீளமாக இருப்பது நல்லது.

அடுத்த கட்டத்துக்குப் போகலாம். சிங்க் மேடையைப் பிடித்துக்கொண்டு வலது காலில் நின்று, இடது காலைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரம் தூக்குங்கள். எதிரே கண்ணாடி வேண்டும். இடுப்பில் புடவை செருகிய கோடு சமமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இடது பக்கம் இறங்கினால் காலை வைத்துவிடுங்கள்.

ஒன்று கவனியுங்கள். காலைத் தூக்குவதற்கு முன்பே உடம்பின் எடை முழுவதும் நிற்கப் போகும் காலுக்கு வந்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் தூக்கிக்கொண்டே எடையை மாற்றுகிறார்கள். அப்போதுதான் தடுமாற்றம் வருகிறது. முதலில் மாறுங்கள், பிறகு தூக்குங்கள். நடனத்திலும் இதேதான். எனக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

ஷெர்லின்

•

வள்ளூர்
2.6.2025

ஷெர்லினுக்கு,

எனக்கு அதைப் புரியவைக்க உனக்குக் கஷ்டம் இருந்திருக்காது. பறைக்கு ஆடும்போது பார்ப்பவர்கள் எல்லோரும் தூக்குகிற காலைத்தான் பார்ப்பார்கள். ஆடுபவளுக்குத்தான் தெரியும், ஆட்டம் முழுக்க நட்ட காலில் இருக்கிறது என்று. நடுவதற்கு முன்னால் தூக்கினால் ரோட்டில் உருளுவாய். புதிதாக ஆட வரும் பெண்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: "மொதல்ல குந்து, அப்பால எய்ந்துக்கோ." குந்து என்றால் உட்காருவது இல்லை. அந்தக் காலுக்குள் இறங்கு என்று அர்த்தம். நீ மூன்று மாதம் முன்னாடியே குந்து என்று சொல்லியிருந்தால் நான் உடனே செய்திருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கண்ணாடி முன்னால் மேடையைப் பிடிக்காமல் வலது காலில் நின்றேன். கோடு சமமாக இருந்தது. மருமகள் பின்னால் நின்று ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். "அத்த, நேரா கீது அத்த!" என்று கத்தினாள். டில்லிபாபு வந்து பார்த்தான். மறுபடி நில்லு என்றான். நின்றேன். வேலைக்குப் போய்விட்டான். அனல் மின் நிலையத்தில் அவனுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட்.

வாசல் படி ஒன்றுதான் இங்கே உண்டு. அதில் தினமும் இருபது தடவை ஏறுகிறேன். நல்ல கால் முதலில், நோகும் கால் பின்னால். கை சுவரில் சும்மா படும், அவ்வளவுதான்.

சாம்பல் இங்கே துணியில் படிகிறது, கொடியில் படிகிறது. மருமகள் நல்லவள். பேரன் நல்லவன். யார் மீதும் குறை இல்லை. ஆனால் இங்கே டீ குடிக்க வேண்டும் என்றால் நான் கேட்க வேண்டும். அங்கே நானே போட்டுக் குடிப்பேன். உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

இனி நீ உன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். ஒரு வரி போதும்.

வரலட்சுமி

•

பழைய வண்ணாரப்பேட்டை
7.6.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கோடு சமமாக வந்தது என்று படித்ததும் அந்த இடத்தை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கட்டு போட்டவர்களுக்குக் கை நேராக இருக்கும், கால் நேராக வருவதற்கு என்ன என்றார்.

ஆனால் நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை இப்போது எழுத முடியவில்லை. ஏறுவதற்கு நீங்கள் தயார். இறங்குவதற்கு இல்லை. இறங்கும்போது மேலே இருக்கும் கால், முழு உடம்பையும் மெதுவாக மடங்கிக் கீழே விட வேண்டும். உடம்பைத் தூக்குவதைவிட அதை அவசரமில்லாமல் விடுவது கடினம். படி இறங்கும்போதுதான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஏறும்போது இல்லை. அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. இன்னும் மூன்று வாரம் வேண்டும்.

இன்னொன்று. உங்கள் மகன் நேற்று எனக்குப் போன் செய்தார். அம்மா ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டார். இப்போது உங்களுக்கு எழுதியதைத்தான் அவரிடமும் சொன்னேன். பிறகு, "ஏறிடும், எறங்காது. அதானே?" என்றார். ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

கோபப்படாதீர்கள். மூன்று வாரம்தான்.

ஷெர்லின்

•

மூன்றாம் மாடி
புளியந்தோப்பு
16.6.2025

ஷெர்லினுக்கு,

மேலே இருக்கும் விலாசத்தைப் பார்த்துவிட்டுத் திட்ட ஆரம்பித்திருப்பாய். முடித்துவிட்டுப் படி.

நேற்று காலை டில்லிபாபு எழுப்பினான். "எய்ந்துக்கோ, போலாம்" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆட்டோ புளியந்தோப்பில் வந்து நின்றதும் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தான். "மேல போற வரிக்கும் ஒன்னிய தொட மாட்டேன். வுயுந்தா மட்டும் புடிப்பேன்" என்றான்.

ஏறினேன். இடது கால், வலது கால். ஒவ்வொரு படியிலும் முதலில் குந்தினேன், பிறகு எழுந்தேன். அவன் இரண்டு படி கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான், கோழி பிடிக்கப் போகிறவன் மாதிரி. முதல் மாடியில் பரசுராமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். "அய்யே, யாரு இது, நம்ப வரலட்சுமியா? நீ செத்துப் பூட்டன்னு சொன்னாங்களே!" என்றான். "ஒன்னிய அனுப்பிட்டுத்தான் போவேன்" என்றேன். இரண்டாம் மாடியில் கொஞ்சம் நின்றேன். எரிந்தது. குத்தவில்லை. நீ சொன்ன வித்தியாசம் எனக்குத் தெரிகிறது.

மொத்தம் பதினேழு நிமிஷம். டில்லிபாபு போனில் பார்த்திருக்கிறான்.

கதவைத் திறந்ததும் எனக்கு முன்னால் அவன் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான். வேர்த்துக் கொட்டியது அவனுக்குத்தான். நான் தூசி தட்டி, ஸ்டவ்வைப் பற்றவைத்து, இரண்டு டீ போட்டேன். குடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். "எம்மா, நீ எறங்க முடியாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"தெரியும். லெட்டர்ல எய்தியிருந்தா."

"அப்போ இன்னா பண்ணுவ?"

"எதுக்குடா எறங்கணும்?"

அவன் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி, பக்கெட்டைத் தொங்கவிட்டுவிட்டுப் போனான். காய்கறியைக் கீழே செங்குட்டுவன் வாங்கிப் போடுகிறான், நான் இழுத்துக்கொள்கிறேன். தண்ணீர் மட்டும் அவன் பெண் மகிழினி மேலே கொண்டுவந்து ஊற்றுகிறாள்.

மூன்று வாரம் இறங்கமாட்டேன். உனக்கு வாக்கு கொடுக்கிறேன். இறங்குகிற பயிற்சியை எழுதி அனுப்பு. அவசரமில்லை. நான் வீட்டில்தான் இருப்பேன்.

வரலட்சுமி